விரிதாளில் பண்ணைக் கணக்கு: கேட்டுக் கற்கும் முறை

திருவண்ணாமலை ஜில்லாவில் நெல்லும் நிலக்கடலையும் கரும்பும் பயிரிடும் குடியானவர்களில் அநேகர், சாகுபடிச் செலவை நாட்காட்டித் தாளின் பின்புறத்திலோ, உரக்கடைச் சிட்டையின் ஓரத்திலோ, பெரும்பாலும் ஞாபகத்திலோ வைத்திருப்பதே வழக்கம். அறுவடை முடிந்து பணம் கைக்கு வந்தபின், அந்தப் போகத்தில் லாபமா நஷ்டமா என்று வினவினால் திட்டமான விடை கிடைப்பது அரிது. கிராம அதிகாரிகளின் நிலைமை வேறு. அவர்களிடம் கணக்கிற்குக் குறைவில்லை. ஆனால் ஒரே பட்டியலை மூன்று இலாகாக்களுக்கு மூன்று விதமாக எழுதிக் கொடுக்க நேர்வதால், ஒவ்வொரு பிரதியிலும் ஒரு பிழை நுழைந்துவிடுகிறது. இவ்விரு திறத்தாருக்கும் ஏற்றதொரு கருவி விரிதாள் என்னும் மின்னணுக் கணக்குத்தாள் ஆகும். கணினியிலும் கைபேசியிலும் அது இயங்கும். அதை எவ்வாறு கற்பது, கற்கும்போது தடை நேர்ந்தால் பிறரிடம் எவ்வாறு கேட்பது என்பதையும், இந்த ஜில்லாவின் கணக்குகளில் அது செய்யும் சில குறும்புகளையும் விவசாயிகளும் அதிகாரிகளும் அறிந்துகொள்வது அவசியம்.

விரிதாள் என்பது புதுமையான பொருளன்று. அடங்கலைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் அதன் அமைப்பைப் பாதி அறிந்தவரே ஆவர். கிராமக் கணக்கு 2 என்னும் அடங்கலில் மேலிருந்து கீழாகப் பத்திகளும், இடமிருந்து வலமாக வரிசைகளும் உள்ளன. ஒரு புல எண்ணுக்கு ஒரு வரிசை, பரப்பு, பயிர், பாசன வகை முதலிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. விரிதாளும் அவ்வாறே. அதில் பத்திகளுக்கு ஏ, பி, சி என்ற ஆங்கில எழுத்துக்களும், வரிசைகளுக்கு 1, 2, 3 என்ற எண்களும் பெயராக இருக்கும். பி என்னும் பத்தியும் 4 என்னும் வரிசையும் கூடும் கட்டத்திற்கு பி4 என்று பெயர். பரம்பரைக் கிராம அதிகாரப் பதவிகள் 1980-ல் ரத்தாகும் வரை கர்ணங்கள் மையும் அடிக்கோலும் கொண்டு செய்துவந்த வேலைதான் இது. வேறுபாடு ஒன்றே: ஒரு கட்டத்திலுள்ள எண்ணைத் திருத்தினால், அதைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் யாவும் தாமாகவே திருந்திவிடும்.

இக்கருவி பிறந்த வரலாறும் அதுவே. அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் பயின்ற டான் பிரிக்ளின் என்பவர், கரும்பலகையில் ஓர் எண் மாறினால் ஆசிரியர் வரிசை முழுவதையும் அழித்தெழுத வேண்டியிருப்பதை 1978-ல் கண்டு, அதற்கொரு மாற்று யோசித்தார். அவரும் பாப் பிராங்ஸ்டனும் சேர்ந்து ஆக்கிய விஸிகால்க் 1979-ல் வெளிவந்தது. 1983-ல் லோட்டஸ் 1-2-3, 1985-ல் எக்ஸெல், 2006-ல் கூகுள் ஷீட்ஸ் ஆகியவை தொடர்ந்தன. 2010-ல் தோன்றிய லிப்ரே ஆபீஸ் விலையின்றிக் கிடைப்பது. இவற்றுள் எதைக் கற்றாலும் மற்றவற்றில் கை பழகுவது எளிது. எது உயர்ந்தது என்ற விவாதத்தில் பொழுது போக்க வேண்டியதில்லை.

கற்கத் தொடங்கும் இடம்

விரிதாளைக் கற்பதற்குப் பலர் கணினி வகுப்புகளில் பணங்கட்டிச் சேர்கின்றனர். அங்கே நூறு வசதிகளையும் வரிசையாகக் காட்டுவார்கள். ஊருக்குத் திரும்பிய ஒரு மாதத்தில் தொண்ணூறு மறந்துபோகும். சொந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தடைப்படும் இடத்தில் ஒரு கேள்வி கேட்டு, அதன் விடையைத் தன் கணக்கிலேயே செய்து பார்ப்பவருக்கு அக்கல்வி நிலைக்கும். வாரத்திற்கு ஒரு கேள்வி போதுமானது. கேட்பதற்கு ஆளில்லை என்ற குறையும் முற்காலத்தைப்போல் இன்று இல்லை. வணிகவியல் படித்த பிள்ளைகள் அநேக வீடுகளில் இருக்கின்றனர். கூட்டுறவுச் சங்கங்களில் கணக்கெழுதுவோர் இருக்கின்றனர். இணையத்தின் வழியாக முன்பின் அறியாதவர்களிடம் எழுதிக் கேட்டாலும், ஊதியம் கருதாமல் விடை கூறுவோர் உலகெங்கும் உள்ளனர். ஆயினும் கேள்வி சரியாக அமையாவிட்டால் எத்தகைய நிபுணரும் உதவ இயலாது.

"ஐயா, என் கணக்குத் தப்பாக வருகிறது, சரி செய்து கொடுங்கள்" என்பது கேள்வியன்று, முறையீடு. பயிரில் நோய் கண்டவர், செடியைக் கொண்டுவராமல் "பயிர் சரியில்லை" என்று மட்டும் சொல்வது போன்றது இது. நோயுற்ற இலையைக் கொண்டு வருவதுபோல, கணக்கின் ஐந்தாறு வரிசைகளை மாதிரியாகக் கொண்டுவர வேண்டும். அத்துடன் நான்கு விஷயங்களைத் தெரிவிப்பது நலம்: எந்த விரிதாள், கணினியிலா கைபேசியிலா, எந்தக் கட்டத்தில் எந்தச் சூத்திரம் எழுதப்பட்டது, என்ன விடை வந்தது, கையால் கணக்கிட்டால் என்ன விடை வர வேண்டும். இந்த நான்காவதே முக்கியமானது. வரவேண்டிய விடையைக் கையால் போட்டுப் பார்க்கும் போதே, கேட்பவரில் பலர் தம் பிழையைத் தாமே கண்டுகொள்கின்றனர்.

உதாரணமாக, நிலக்கடலை பறிப்புக் கூலியை ஒருவர் பி பத்தியில் 3,600, 4,200, ரூ 2,850, 5,100 என்று நான்கு கட்டங்களில் எழுதி, அடியில் =சம்(பி2:பி5) என்னும் கூட்டல் சூத்திரத்தை இட்டதாகக் கொள்வோம். (சூத்திரங்களை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும், இங்கு ஒலி மட்டும் தமிழில் தரப்பட்டுள்ளது.) விடை 12,900 என்று வரும். கையால் கூட்டினால் 15,750. மூன்றாவது கட்டத்தில் "ரூ" என்னும் எழுத்து சேர்ந்துவிட்டமையால், விரிதாள் அதை எண்ணாகக் கருதாமல் சொல்லாகக் கருதி விட்டுவிட்டது. அதைக் குறித்து எச்சரிக்கை யாதும் தரவில்லை என்பதே இதில் அபாயமான அம்சம். பார்வைக்கு அடையாளம் ஒன்று உண்டு. எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியிருக்கும். சொற்கள் இடப்பக்கம் ஒட்டியிருக்கும். பத்தியின் நடுவே ஓர் எண் மட்டும் இடப்பக்கம் சாய்ந்து நின்றால், அது எண்ணாக எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று அறியலாம். கவுண்ட் என்னும் சூத்திரம் எண்களை மட்டும் எண்ணும். மேற்படி உதாரணத்தில் அது 4 என்னாமல் 3 என்று காட்டும். ரூபாய், கிலோ, ஆள் என்னும் சொற்களைப் பத்தியின் தலைப்பில் ஒருமுறை எழுதிவிட்டு, கட்டங்களில் வெறும் எண்ணை மட்டும் இடுவதே முறை.

மூட்டை என்னும் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. தனியார் வியாபாரத்தில் 75 கிலோ மூட்டையும் வழக்கில் உண்டு. "40 மூட்டை" என்று மட்டும் எழுதி வைத்தால், 2025-26-க்கு மத்திய அரசு சாதாரண நெல்லுக்கு நிர்ணயித்த குவிண்டால் 2,369 ரூபாய் விலையில், அது 37,904 ரூபாயும் ஆகலாம், 71,070 ரூபாயும் ஆகலாம். மூட்டைக்கு ஒரு பத்தி, மூட்டையின் எடைக்கு ஒரு பத்தி, இரண்டையும் பெருக்கிய கிலோவுக்கு ஒரு பத்தி என்று மூன்று பத்திகள் வேண்டும்.

அடுத்தபடியாகப் புதியவர்கள் தடுமாறும் இடம், சூத்திரத்தைக் கீழே பிரதி செய்வது. விலையை இ1 என்னும் கட்டத்தில் ஒருமுறை எழுதி, பி4-ல் உள்ள எடையை அதனால் பெருக்க =பி4*இ1 என்று எழுதினால் முதல் வரிசையில் விடை சரியாக இருக்கும். அதையே கீழ்வரிசைக்கு இழுத்தால் அது =பி5*இ2 என்று மாறி, இ2 வெறுங்கட்டமாக இருப்பதால் விடை 0 ஆகிவிடும். விரிதாள் கெட்டுப்போகவில்லை, ஒரு வரிசை இறங்கியதால் இரண்டு முகவரிகளையும் ஒவ்வொரு படி இறக்கியிருக்கிறது. விலைக்கட்டம் நகராமலிருக்க டாலர் குறியை முளைபோல அடித்து =பி4*$இ$1 என்று எழுத வேண்டும். கயிற்றில் கட்டிய மாடு மேயும் இடம் மாறினாலும் முளை இருந்த இடத்திலேயே இருப்பது போன்றது. இவ்வொன்று விளங்கிவிட்டால் விரிதாளில் பாதி விளங்கிற்று எனலாம்.

புல எண்ணும் தேதியும்

கிராம அதிகாரிகள் மிகவும் கவனிக்கத்தக்கது இதுவே. 5/2 என்பது இந்த நாட்டில் புல எண் 5, உட்பிரிவு 2 என்று பொருள்படும். விரிதாளுக்கு இது தெரியாது. அது தேதி என்று கருதி, பிப்ரவரி 5 என்று மாற்றிவிடும். கைபேசியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அதுவே மே 2 ஆகும். 112/3 என்று ஒரு தேதி இல்லாமையால் அது மாறாமல் நிற்கும். எழுத்துச் சேர்ந்த உட்பிரிவான 12/3ஏ என்பதும் அவ்வாறே தப்பிக்கும். ஆகவே ஒரே பத்தியில் சில மாறியும் சில மாறாமலும் இருக்க, இருநூறு வரிசைப் பட்டியலில் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை.

மாறியபின் திருத்த முயல்வது மேலும் விபரீதம். விரிதாள் தேதிகளை, 1900 ஜனவரி முதல் தேதியை 1 என்று கொண்டு எண்ணிவரும் நாட்தொகையாக உள்ளே வைத்திருக்கிறது. 2025-ஆம் வருஷத்தில் தட்டிய 5/2, இந்திய முறையில் 45693 என்றும், அமெரிக்க முறையில் 45779 என்றும் சேமிக்கப்படும். பிறகு அப்பத்தியைச் சொல்லாக மாற்றினால் 5/2 திரும்பி வராது. 45693 என்பதே வரும். அப்படியொரு புல எண் எந்தக் கிராமத்திலும் இராது. சரியான வழி, எண்களை இடுவதற்கு முன்பே அப்பத்தி முழுவதையும் சொல் வகையாக அமைத்துவிடுவது. ஓரிரண்டு கட்டங்களே எனில், புல எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை இடுவது. புல எண்ணுக்கு ஒரு பத்தி, உட்பிரிவுக்கு ஒரு பத்தி என்று பிரித்துவிடுதல் இன்னும் உத்தமம்.

இது கிராமக் கணக்குக்கு மட்டும் நேர்ந்த சங்கடம் என்று எண்ண வேண்டாம். மனித உடலின் மரபணுக்களுக்கு மார்ச்1, செப்ட்1 முதலிய சுருக்கப் பெயர்கள் இருந்தன. விரிதாள் இவற்றையும் மார்ச், செப்டம்பர் மாதத் தேதிகளாக மாற்றிவந்ததால், அச்சேறிய விஞ்ஞானக் கட்டுரைகளின் பட்டியல்களிலேயே பிழைகள் மலிந்தன. முடிவில் 2020-ல், மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு விரிதாளைத் திருத்த முடியாமல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. புல எண்களை அவ்விதம் மாற்ற இயலாதாகையால், பத்தியை முன்கூட்டி அமைத்துக்கொள்வதே வழி.

பரப்பை எழுதுவதிலும் இத்தகைய கண்ணி ஒன்றுண்டு. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இரு கூறாக எழுதப்பட்டிருக்கும். 1 ஹெக்டேர் 5 ஏர் என்பதைச் சிலர் அவசரத்தில் 1.5 என்று தட்டிவிடுகின்றனர். 100 ஏர் கொண்டது ஒரு ஹெக்டேர் ஆகையால் அது 1.05 ஆக வேண்டும். 1-5 என்று நடுவில் கோடிட்டால் அதுவும் தேதியாகிவிடும். ஹெக்டேரை ஒரு பத்தியிலும் ஏரை அடுத்த பத்தியிலும் இட்டு, மூன்றாம் பத்தியில் =சி2+டி2/100 என்று எழுதினால் பிழைக்கு இடமில்லை. ஏக்கர் வேண்டுமாயின் ஹெக்டேரை 2.471-ஆல் பெருக்கிக்கொள்ளலாம், சென்ட் கணக்கு அதில் நூறு மடங்கு.

இவையெல்லாம் அற்ப விஷயங்களாகத் தோன்றலாம். 2024 டிசம்பர் முதல் தேதியை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு அவ்வாறு தோன்றாது. ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் திருவண்ணாமலையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 பேர் மாண்டனர். சாத்தனூர் அணையிலிருந்து விடப்பட்ட வெள்ளம் தென்பெண்ணைக் கரையில் பயிர்களை மூழ்கடித்தது. மாநில அரசு, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமுற்ற பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும், மானாவாரிப் பயிர்களுக்கு 8,500 ரூபாயும், பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500 ரூபாயும் நிவாரணமாக அறிவித்தது. ஹெக்டேருக்கு 17,000 என்பது ஏக்கருக்கு ஏறக்குறைய 6,880 ரூபாய். இத்தகைய பட்டியலில் 1 ஹெக்டேர் 5 ஏர் நிலத்தை 1.5 என்று தட்டினால், 7,650 ரூபாய் மிகையாகக் காட்டப்பட்டு, தணிக்கையில் முழுப் பட்டியலும் சந்தேகத்திற்குள்ளாகும். புல எண் தேதியாக மாறியிருந்தால் அடங்கலோடு ஒத்துப் பார்க்கும் போது அவ்வரிசை தள்ளுபடியாகும். நிலம் மூழ்கியவர் தம்மீது குற்றமின்றியே அலைய நேரும்.

வங்கிக் கணக்கு எண்ணிலும் அதேயளவு கவனம் தேவை. எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைப்பதில்லை. 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அது மறைந்துவிடும். கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும் கூட்டிக் கழிப்பதற்குரியவை அல்லவாதலால், இவற்றுக்குரிய பத்திகளை எப்போதும் சொல் வகையாகவே அமைக்க வேண்டும்.

பெயர்களை வைத்து இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவது நம்பத்தக்கதன்று. ஒன்றில் ராமசாமி, மற்றொன்றில் இராமசாமி என்றிருந்தால் விரிதாளுக்கு அவர்கள் இரு வேறு ஆட்கள். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலும் அப்படியே. ஒரு கிராமத்தில் ஒரே பெயருடையவர் நால்வர் இருப்பதும் சகஜம். பட்டா எண்ணைக் கொண்டே ஒப்பிட வேண்டும். மேலும், பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ்ப் பட்டியல்களை அகரவரிசைப்படுத்தினால் தாறுமாறாகும். 2010-ல் மாநில அரசு ஏற்ற யூனிகோடு முறையில் தட்டுவது எல்லாவற்றுக்கும் அனுகூலம்.

ஊர் வழக்கை விளக்கிக் கேட்பது

வெளியூரார் ஒருவரிடம் எழுதிக் கேட்கும்போது, கிராமத்தில் எல்லாரும் அறிந்த விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடலாகாது. செலவுகளைப் பசலி வாரியாகக் கூட்ட வேண்டும் என்று கேட்டால், சென்னையிலுள்ள கணினி நிபுணருக்கே பசலி இன்னதென்று தெரியாமலிருக்கலாம். அக்கேள்வியைப் பின்வருமாறு எழுதினால் விடை ஒரே நாளில் கிடைக்கும்:

"ஐயா, ஏ பத்தியில் தேதியும் பி பத்தியில் செலவும் உள்ளன. எங்கள் வருவாய் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். அதற்குப் பசலி என்று பெயர். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே சி பத்தியில் பசலி எண் தானாக வர வேண்டும். 10-10-2025-க்கும் 10-2-2026-க்கும் 1435 என்றே வர வேண்டும். தேதியில் வருஷத்திலிருந்து 590 கழித்துப் பார்த்தேன். இரண்டாவது தேதிக்கு 1436 என்று தவறாக வருகிறது. கணினியில் லிப்ரே ஆபீஸ் வைத்திருக்கிறேன்."

இக்கேள்வியில் மாதிரி இருக்கிறது. வரவேண்டிய விடை இருக்கிறது. கேட்பவர் தாமே முயன்ற அளவும் தெரிகிறது. விடையளிப்பவர், மாதம் 7 அல்லது அதற்கு மேலாயின் 590-ம், குறைவாயின் 591-ம் கழிக்க வேண்டும் என்று கண்டு, =இயர்(ஏ2)-இஃப்(மன்த்(ஏ2)>=7,590,591) என்று எழுதித் தருவார். அதைப் பெற்றவர் நன்றி கூறுவதோடு நின்றுவிடாமல், ஜூன் 30, ஜூலை 1 ஆகிய எல்லைத் தேதிகள் இரண்டையும் இட்டுச் சோதித்து, சரியாக வந்ததா இல்லையா என்பதைத் தெரிவித்துவிட வேண்டும். சூத்திரத்தை அப்படியே ஒட்டிக்கொண்டு போவதில் பிரயோஜனம் குறைவு; 7-ஐ 4 ஆக்கி, 590, 591-க்கு ஈடாக 0, 1 என்று இட்டால் அதே சூத்திரம் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கும் உதவும் என்று தெரிந்துகொள்பவரே கற்றவர். கொஞ்சம் பழகியபின், அடுத்த வீட்டார் கேட்கும் சிறு கேள்விகளுக்கு விடை சொல்லத் தொடங்குவது, தாம் கற்றதை உறுதிப்படுத்திக்கொள்ளச் சிறந்த உபாயம்.

மாதிரியை வெளியே காட்டும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. இதில் தாட்சண்யம் கூடாது. குடிகளின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவற்றைக் கொண்ட பட்டியலை உதவி கேட்கும் பொருட்டு எவருக்கும் அனுப்பலாகாது. பெயருக்குப் பதில் அ, ஆ, இ என்றும், எண்களுக்குப் பதில் கற்பனை எண்களும் இட்டு ஆறு வரிசைகள் தயாரித்தால் போதும். சூத்திரத்தின் குற்றத்தைக் காண உண்மைப் பெயர் எதற்கும் வேண்டுவதில்லை. அதிகாரிகளின் பொறுப்பில் உள்ள பட்டியல் அவர்களுடைய சொத்தன்று என்பது சொல்லாமலே விளங்கும்.

தம் கணக்கைப் பிறர் பார்ப்பதில் சிலருக்குக் கூச்சம் உண்டு. ஜமாபந்தியில் கிராமக் கணக்கை மேலதிகாரி புரட்டிப் பார்ப்பது வருஷந்தோறும் நடப்பதுதானே! அவ்விதம் மற்றொரு கண் பாராத கணக்கு எத்துணைப் பெரியோருடையதாயினும் பிழைபடக்கூடும். பொருளாதார நிபுணர்களான கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-ல், கடன் மிகுந்த நாடுகளின் வளர்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். உலக நாடுகளின் அரசாங்கங்கள் அதை எடுத்துக்காட்டிச் செலவுகளைச் சுருக்கின. மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அக்கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது விடை ஒத்துவரவில்லை. அவர் ஆசிரியர்களுக்கு எழுதி, அவர்களுடைய விரிதாளையே கேட்டுப் பெற்றார். சராசரிச் சூத்திரம் 49-ஆம் வரிசை வரை செல்ல வேண்டியிருக்க, 44-ஆம் வரிசையோடு நின்றுவிட்டிருந்தது; 20 நாடுகளில் 5 நாடுகள் விடுபட்டிருந்தன. இதுவும் வேறு சில குறைகளும் திருத்தப்பட்டபோது, கடன் மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி 0.1 சதவீதத் தேய்வு என்றிருந்தது 2.2 சதவீத வளர்ச்சியாக மாறிற்று. இது 2013-ல் நடந்தது. ஐந்து வரிசைகள் கூட்டலில் விடுபடுவது கூலிக் கணக்கிலும் நேர்வதே. புதிய வரிசைகளைப் பட்டியலின் கடைசியில் சேர்க்கும் போதெல்லாம், கூட்டல் சூத்திரம் அவ்வரிசை வரை எட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

தொடங்குவோர் முதல் தாளில் அதிகம் ஆசைப்பட வேண்டாம். தேதி, புலம், வேலை, ஆள், கூலி, பொருள், பொருட்செலவு என்று ஏழு பத்திகள் போதும். ஒரே ஒரு புலத்தின் ஒரு போகத்தை மட்டும் எழுதிப் பார்க்கலாம். நிலக்கடலைக்கு விதை வாங்கும் நாளில் தொடங்குவது சௌகரியம். ஏனெனில் விதைச் செலவே அப்பயிரில் முதற்பெருஞ்செலவு. வீட்டு ஆட்கள் செய்த வேலையையும் ஆள் பத்தியில் எழுதிவிட வேண்டும்; அதை விட்டுவிட்டால், 2025-26-ல் நிலக்கடலைக்கு நிர்ணயித்த குவிண்டால் 7,263 ரூபாய் விலையில் விற்றாலும் உண்மையான லாபம் இன்னதென்று தெரிய வராது. குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்ட நிலமாயின், உடையவரும் பயிரிடுபவரும் ஒரே தாளைப் பார்த்துக்கொள்வது பிற்பாடு வழக்கு நேராமல் காக்கும்.

மாதக் கடைசியில் அத்தாளை வேறொரு பெயரில், தேதியும் சேர்த்து, மற்றோரிடத்திலும் சேமித்து வைக்க வேண்டும். கைபேசி கிணற்றங்கரையில் தவறி விழுவதும், வயலில் மழையில் நனைவதும் உள்ளதே. அறுவடை முடிந்ததும் ஒரு பிரதியைக் காகிதத்தில் அச்சிட்டுப் பட்டாவோடும் ரசீதுகளோடும் சேர்த்து வைத்தால், அடுத்த வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு மனு எழுதும்போது, ஏக்கருக்கு என்ன செலவாயிற்று என்பதை எடுத்துக் காட்டிப் பேசலாம்.